ரகசியத்தை விடுங்கள், உப்பை எப்போது போடுவீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் கலைஞர் பேட்டிகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைப்பேன், அப்புறம் வேலையில் மறந்துபோகும். போன வாரப் பேட்டியைப் படித்த பிறகு மறக்க முடியவில்லை, ஏனென்றால் அதிலிருந்த ஐந்து கேள்விகளில் நான்கு அதற்கு முந்தைய வாரம் வேறொருவரிடம் கேட்ட அதே நான்கு. சமையலில் ஆர்வம் எப்படி வந்தது, உங்கள் கைப்பக்குவத்தின் ரகசியம் என்ன, மறக்க முடியாத பாராட்டு எது, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். பதில்களும் அப்படியே: அம்மா, அர்ப்பணிப்பு, ஒரு பெரிய மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டது, உழைத்தால் உயரலாம். பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. படம்கூட ஒரே படம்தான், வெள்ளைக் கோட்டு, கட்டிய கை, பின்னால் பளபளக்கும் அடுப்பு.

குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். வேறு ஒரு வேலையில் இருந்துகொண்டே நான்கு ஆண்டுகளாக சமையல்காரர்களையும் பேக்கரி மாஸ்டர்களையும் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் செய்கிறேன். பத்திரிகைக்காரர்களுக்கு இதில் வந்து என்ன சொல்ல வந்துவிட்டான் என்று தோன்றினால் ஒன்று நினைவில் வையுங்கள், பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004இல் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய கட்டுரையில்தான் முதன்முதலில் அச்சேறியது. ஆகவே நாங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், கொஞ்சம் சத்தம் போடுகிற பிள்ளைகள்.

அந்த நான்கு கேள்விகளை நானும் கேட்டிருக்கிறேன். முதல் பேட்டியிலேயே கேட்டேன். அவர் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர், அதிகம் பேசாதவர். மைக்கை நீட்டி, “உங்கள் சமையலின் ரகசியம் என்ன சார்?” என்றேன். “உப்பு” என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது, ‘உப்பு’ என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் மூச்சை இழுத்து ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார், அந்த இடத்தில் என் சிரிப்பு விழுந்திருக்கிறது, அதற்குமேல் என் அடுத்த கேள்வி. அந்த மூச்சு பதிவில் தெளிவாகக் கேட்கிறது. முக்கால் மணி நேரப் பதிவில் பாதிக்கு மேல் என் குரல்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை கேட்டது, “உப்பை எப்போது போடுவீர்கள்?” அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். காய்க்கு முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும், வதக்க வேண்டியது வேகத் தொடங்கிவிடும். இறைச்சிக்கு நேரெதிர், முந்தைய இரவே தடவி வைத்தால் முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், அப்புறம் அந்த உப்புத் தண்ணீரே உள்ளே போய்விடும், அரைகுறையாகப் பதினைந்து நிமிஷத்துக்கு முன் போடுகிறவர்கள்தான் ஈரமான மேல்பரப்போடு மாட்டிக்கொள்வார்கள், ஒன்று நேரத்தோடு போடு, இல்லாவிட்டால் சட்டியில் வைக்கும் நொடியில் போடு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரம் அவர் கத்தியைக் கொடுப்பதில்லை, ஒரே குழம்பை உப்பில்லாமல், பாதி உப்போடு, சரியான உப்போடு மூன்று கிண்ணத்தில் வைத்துச் சுவைக்கச் சொல்வார், எதற்கு என்று சொல்ல மாட்டார். இதுதான் அன்றைக்கு ‘உப்பு’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான்தான் கதவைச் சாத்தினேன்.

ரகசியம் என்ன என்று கேட்டால் வேலை செய்கிறவரால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அவரிடம் ரகசியம் எதுவும் இல்லை, பக்குவம் இருக்கிறது. பக்குவம் கையில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, காதில் இருக்கிறது, வாயில் இல்லை. உட்காரவைத்துக் கேட்டால் வாய் மட்டும்தான் வரும். அதனால் இப்போதெல்லாம் நான் யாரையும் நாற்காலியில் உட்காரவைப்பதில்லை. எதையாவது செய்துகொண்டே பேசச் சொல்கிறேன். வெங்காயம் நறுக்கட்டும், மாவு பிசையட்டும், பாத்திரமாவது அடுக்கட்டும். கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும், பொய்யும் குறைவாக வரும்.

பேக்கரி மாஸ்டர் ஒருவரிடம், “மாவு பிசைந்தது போதும் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். வார்த்தையில் பதில் சொல்லவில்லை. ஒரு எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல மெல்ல விரித்து விளக்குக்கு நேரே பிடித்தார். கிழியாமல் கண்ணாடித் தாள் போல வெளிச்சம் தெரிந்தால் போதும், கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும். சரி, இதைக் காதால் கேட்கிறவருக்கு எப்படிக் காட்டுவது? நான் பார்த்ததை மைக்கில் அப்போதே சொல்ல ஆரம்பித்தேன், “இப்போது உங்கள் விரல் ரேகை மாவு வழியாகத் தெரிகிறது” என்று. அவர் உடனே, “தெரியுது இல்ல? நேத்து தெரியல, ரேகைக்குப் பதிலா ஓட்டை தெரிஞ்சது” என்று ஆரம்பித்து, நேற்று மாவு ஏன் கெட்டது என்ற கதைக்குப் போய்விட்டார். கேள்வியால் வராதது அப்படி வந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அதில் இருக்கிறது. ரொட்டி மாவு பிசைந்து முடிக்கும்போது அதன் சூடு 25 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து மாவின் சூட்டைக் கழி, அறையின் சூட்டைக் கழி, இயந்திரம் சுற்றும்போது உராய்வில் ஏறும் சூட்டைக் கழி, மிச்சம் எவ்வளவோ அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாவு 24, அறை 27, உராய்வு 10 என்றால் தண்ணீர் 14 டிகிரி. அன்றைக்கு அவர் ஐஸ் போட மறந்திருக்கிறார், ஈஸ்ட் அவசரப்பட்டுவிட்டது, மாவு முன்கூட்டியே பொங்கித் தளர்ந்துவிட்டது. இந்தக் கணக்கை அவர் எந்தத் தாளிலும் எழுதவில்லை, குழாயடியில் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினார். ‘உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன’ என்று கேட்டிருந்தால் இவர் நிச்சயமாக ‘கடவுள் அருள்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

பேட்டிக்குப் போகும் முன் அவர்கள் பேசும் மொழியைக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அப்போது புரிந்தது. பேக்கரிக்காரர்களுக்கு எல்லாமே மாவை வைத்துத்தான், மாவு நூறு, தண்ணீர் எழுபது, உப்பு இரண்டு என்பார்கள், மாவின் எடையில் இத்தனை சதவீதம் என்று அர்த்தம், கூட்டினால் நூற்றைத் தாண்டும். முதல் தடவை கேட்டபோது நான், “மொத்தம் நூற்றி எழுபத்திரண்டு சதவீதமா, எப்படிச் சார்?” என்று கேட்டு ஒரு மனிதரின் முகத்தில் இருந்த ஆர்வத்தை ஒரே நொடியில் அணைத்தேன். அதற்கு அப்புறம் அவர் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலவே பேசினார். தெரியாததைக் கேட்பது தப்பில்லை, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதைக் கேட்டு அவருடைய நேரத்தைத் தின்பதுதான் தப்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், கேள்வி கேட்கிறவன் சட்டிக்கும் இது பொருந்தும்.

நேரம் என்றதும் இன்னொன்று. உங்கள் நிருபர்கள் காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள் என்று பேட்டியைப் படித்தாலே தெரிகிறது. அது மதியச் சாப்பாட்டுக்கான ஆயத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம், அந்த மனிதர் பேசுவது உங்களிடம், மனசு இருப்பது அடுப்பில். உணவகச் சமையல்காரரைப் பிடிக்க நல்ல நேரம் மதியப் பரபரப்பு முடிந்து இரவு ஆயத்தம் தொடங்குவதற்கு முன் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம். அப்போதும் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கை எடுக்க வேண்டும், பலர் அந்த நேரத்தில்தான் நின்றபடி முதல் வாய் சாப்பிடுவார்கள். ரொட்டி போடுகிறவர்கள் என்றால் பின்னிரவு இரண்டு மணி, மூன்று மணி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் முறை நான், “காலையில் வரட்டுமா?” என்று கேட்டதற்கு, “வாங்க தம்பி, நான் தூங்கிட்டிருப்பேன், பார்த்துட்டுப் போங்க” என்றார் ஒருவர்.

அந்த இரவுகளில்தான் ஒரு சத்தத்தைக் கேட்டேன். ஓவனிலிருந்து எடுத்த ரொட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு எல்லோரும் பேச்சை நிறுத்திய ஒரு நிமிஷத்தில், சருகு நொறுங்குவது போல, மெல்லிய கண்ணாடி விரிவது போல, எல்லா ரொட்டியும் சேர்ந்து பொடியாக வெடித்துக்கொண்டிருந்தது. மேலோடு சீக்கிரம் ஆறிச் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதி இன்னும் சூட்டில் இருக்கிறது, அதனால் ஓட்டில் கீறல் விழுகிறது. ரொட்டி பாடுகிறது என்பார்கள். சத்தம் வரவில்லை என்றால் ஓடு சரியாக முறுகவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் மைக்கை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்து முழுசாக ஒன்றரை நிமிஷம் பதிவு செய்து, ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் போட்டேன். பெருமையாக இருந்தது. மறுநாள் ஏழு பேர் எழுதியிருந்தார்கள், ஏழு பேரும் எழுதியது ஒன்றுதான்: ஆரம்பத்தில் ஒலி கரகரக்கிறது, மைக்கை மாற்றுங்கள்.

சமையலைக் காதால் எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சமையல்காரர்களே பாதி வேலையைக் காதால்தான் செய்கிறார்கள். எண்ணெயில் ஏதாவது போட்டதும் வரும் அந்தச் ‘சொய்ங்’ எண்ணெயின் சத்தம் இல்லை, உணவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடும் சத்தம். தண்ணீர் இருக்கும்வரை உணவின் மேற்பரப்பு 100 டிகிரியை எளிதில் தாண்டாது. சத்தம் அடங்கும்போது தண்ணீர் தீர்கிறது, சூடு ஏறுகிறது, 140 டிகிரி வாக்கில் போனால் நன்றாகச் சிவக்கத் தொடங்குகிறது, 1912இல் லூயி கமில் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினாரே, அந்த மாற்றம். இதை ஒரு சமையல்காரர் என்னிடம், “சத்தம் குறையும்போது திரும்பிப் பார்ப்பேன், சத்தம் போடுற வரைக்கும் அது பத்திரமா இருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ‘உங்கள் காதுக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு எல்லோரிடமும் கேட்கிறேன். யாரும் ஒரே பதிலைச் சொன்னதில்லை.

இதில் ஆராய்ச்சியும் இருக்கிறது. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். மைக்குக்கு முன்னால் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கவைத்து, அந்த ஒலியை ஹெட்ஃபோன் வழியாகக் கடித்தவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஒலியைக் கூட்டியபோது, அல்லது அதன் கீச்சுப் பகுதியை மட்டும் கூட்டியபோது, அதே சிப்ஸை இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருக்கிறது என்று சொன்னார்கள். 2008இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பது. எடிட்டிங்கில் நானும் அந்தக் கீச்சைக் கொஞ்சம் ஏற்றலாம், எவருக்கும் தெரியாது. ஏற்றுவதில்லை. அவர் செய்த பலகாரம் நமுத்துப்போயிருந்தால் நமுத்த சத்தம்தான் வர வேண்டும்.

தொழில்நுட்பத்தில் உங்கள் வாசகர்களை அறுக்க விருப்பமில்லை, ஆனாலும் புதிதாக இதில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர் எனக்கு எழுதிக் கேட்பதால் இரண்டு மூன்று விஷயம். சமையலறையில் எல்லாமே எஃகும் ஓடும்தான், ஒலி பட்டுத் திரும்பும், அதனால் மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகக் கூடாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த அறையின் வெறும் இரைச்சலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டிய இடங்களை மூட அது வேண்டும். புகைபோக்கி விசிறியின் ‘ம்ம்ம்’ என்ற அடித்தொனியை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், அடுப்பு எரியும்போது அதை நிறுத்தச் சொல்லவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியையும் அப்படித்தான். வீட்டில் படமெடுக்கிறவர்கள் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறக்கக் கூடாதென்று தங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைப்பார்கள், நல்ல தந்திரம்தான். ஆனால் நூறு பேருக்குப் போகப்போகும் இறைச்சி இருக்கும் பெட்டியை உங்கள் பேட்டிக்காக அணைக்காதீர்கள், 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது சமையலறை.

இனி நான் உங்களோடு சண்டை போட வேண்டிய இடம்.

பேட்டி கொடுத்தவருக்கு, வெளியாவதற்கு முன் எதையும் காட்டக் கூடாது என்பது பத்திரிகை மரபு என்று தெரியும். அரசியல்வாதிக்கும் முதலாளிக்கும் அது சரி. அடுப்படியில் நிற்கிறவருக்கு எனக்கு அது சரியாகப் படவில்லை. கேக், இனிப்பு வகைகள் செய்யும் ஒரு பெண்ணிடம், “கடைசியாக எதைக் குப்பையில் கொட்டினீர்கள்?” என்று கேட்டேன் (தோல்வியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் கடைசியில் வெற்றியாக முடிகிற தோல்வியைத்தான் சொல்வார்கள், குப்பையைப் பற்றிக் கேட்டால் நேற்று நடந்தது வரும்). சாக்லேட் என்றார். கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு ஆறவிட்டு, திரும்ப 31, 32க்கு ஏற்ற வேண்டும், அப்போதுதான் பளபளப்பும் உடையும்போது ‘டக்’ என்ற சத்தமும் வரும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஈரம் துடைக்காத ஒரு கரண்டியை உள்ளே விட்டிருக்கிறார். இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மொத்தமும் மணல் போலத் திரண்டுவிடும். ஒரு பெரிய பாத்திரம். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டியது, குளிர் அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது, வெளியே வந்து கண் சிவந்திருப்பதற்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னது, இனிப்புப் பிரிவில் எங்கிருந்து வெங்காயம் வரும் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தது எல்லாம் பதிவில் இருக்கிறது. என் நிகழ்ச்சியின் மிகச் சிறந்த ஆறு நிமிஷம் அது.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். முதலாளி பேச்சை எடுத்துவிட முடியுமா என்றார், வேலை போய்விடும் என்றார். எடுத்துவிட்டேன். சாக்லேட் இருந்தது, ஈரக் கரண்டி இருந்தது, குளிர் அறை இல்லை. நண்பர் ஒருவர், பத்திரிகையில் இருப்பவர், நீ செய்தது கோழைத்தனம் என்றார். இருக்கலாம். சம்மதம் கொடுக்கும்போது அவர் மாவு படிந்த கையோடு ஒரு மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் மறுபக்கம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. இப்போது நானே ஒரு வாரம் கழித்து ஒருமுறை கூப்பிட்டு, “ஏதாவது எடுக்க வேண்டுமா?” என்று கேட்கிறேன். பெரிய உணவகம், பக்கத்தில் விளம்பரப் பிரிவு ஆள் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே நடக்கும் பேட்டி என்றால் கேட்பதில்லை. ஒரே விதி எல்லோருக்கும் இல்லையா என்றால், இல்லை.

ஆனால் அளவுகளை மட்டும் எல்லோருக்கும் திரும்பப் படித்துக் காட்டுகிறேன், அதை நீங்களும் செய்ய வேண்டும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சியில் பேக்கிங் பவுடர் என்று அவர் சொன்னதை நான் முன்னுரையில் பேக்கிங் சோடா என்று சொல்லிவிட்டேன். சோடா அதே அளவு பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வீரியம். எத்தனை வீட்டில் சோப்பு வாசனையோடு கேக் வெந்ததோ தெரியாது, ஒரு பாட்டி மட்டும் மிக மரியாதையாக எழுதியிருந்தார், “என் பேரன் சாப்பிட்டுவிட்டான், அவனுக்கு எதுவும் பிடிக்கும், ஆனால் சரிபார்க்கவும்.” உங்கள் பக்கத்திலும் ‘ஒரு ஸ்பூன்’ என்று வருகிறது. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் அதுவே 20. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இல்லை. கிராமில் போடுங்கள் சார். அப்புறம் ‘வெங்காயத்தை ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்ற வரியை இனி அச்சிடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும், மெதுவாக வதங்கித் தேன் நிறத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பது சட்டி முன்னால் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வருத்தம், யாரைப் பேட்டி எடுக்கிறோம் என்பது. சமையலறையை ஒரு படை போலப் பிரித்து, சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், எல்லோருக்கும் மேலே ஒரு தலைவர் என்று ஒழுங்கு செய்தவர் என்று பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்த் எஸ்கோஃபியேவைச் சொல்வார்கள், 1846இல் பிறந்தவர், 1935இல் இறந்தார். பெரிய சமையலறைகள் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் நாம் தலைவரை மட்டும்தான் சந்திக்கிறோம். நீங்கள் புகழ்ந்து எழுதிய அந்தத் தட்டை அன்றைக்குச் செய்தவர் அவராக இருக்க வாய்ப்பு குறைவு, அவருக்கும் அது தெரியும். “இதை இன்று யார் செய்தது?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல தலைவர் என்றால் உடனே திரும்பி ஒரு பெயரைக் கூப்பிடுவார், உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பையன் வருவான், என்ன தப்பு நடந்ததோ என்ற முகத்தோடு. என்னிடமிருக்கும் நல்ல பதிவுகளில் மூன்று அப்படி வந்தவை. பாத்திரம் கழுவுகிறவர் ஒருவர், எந்தப் பதார்த்தம் நன்றாயில்லை என்று தலைவருக்கு முன்னால் தனக்குத்தான் தெரியும், தட்டில் மிச்சமாகி வருவதைப் பார்ப்பவர் தான்தானே என்றார். எந்தச் சமையல் விமர்சகரும் இவ்வளவு பெரிய ஆதாரத்தோடு எழுதுவதில்லை.

பெண்களிடம் ‘வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்’, ஆண்களிடம் ‘வீட்டில் யார் சமைப்பார்கள்’ என்று சிரித்துக்கொண்டே. இந்த இரண்டையும் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இலவசச் சாப்பாடும் அப்படியே. பேட்டிக்கு முன்னால் இன்னொரு நாள் யாரென்று சொல்லாமல் போய், காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பேட்டியன்று கொடுத்தால் மறுக்காதீர்கள், அது அவர்கள் பேசும் விதம், ஒரு வாய் சாப்பிட்டால்தான் அடுத்த வார்த்தை வரும்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவது உங்கள் தொழில், வெட்டிக்கொள்ளுங்கள். உப்பைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைத்தால் நல்லது, அவருக்குப் பத்திரிகையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரர் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லாமல், மாவில் இருக்கும்போதே அந்தக் கைகளை ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். தீக்காயத் தழும்புகள் முழங்கை வரைக்கும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தேதி இருக்கும். அதைக் கேட்டாலே பக்கம் நிறைந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்

பி.கு.: ரொட்டி வெடிக்கும் அந்த ஒன்றரை நிமிஷப் பதிவை உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்க விரும்பினால் அனுப்பிவைக்கிறேன். மைக்கில் கோளாறு எதுவும் இல்லை.